பயனர் சொல்லும் ‘சரி’யை எந்த வழியில் வாங்குவது?

ஒரு மருத்துவமனை ஆய்வகத்துக்கு மென்பொருள் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் என்னென்ன செய்யவேண்டும் என்று எழுதிவைக்கும் தேவை ஆவணத்தில் ஒரு வரி இருக்கிறது: “நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் இல்லாமல் ரத்த மாதிரியைப் பதிவு செய்ய முடியாது.” படிக்கிற எவருக்கும் நியாயமாகத்தான் படும். ஆய்வகத் தலைவர் படித்துவிட்டுச் சரி என்றார். தர மேலாளர் இன்னும் கண்டிப்பாக எழுதச் சொன்னார். கையெழுத்தும் ஆயிற்று. மென்பொருள் ஓட ஆரம்பித்த முதல் வாரம், விபத்தில் நினைவிழந்த ஒருவரை நள்ளிரவில் கொண்டுவருகிறார்கள். பெயர் தெரியாது. ரத்த வகை உடனே தெரிய வேண்டும். திரையோ அடுத்த கட்டத்துக்கு நகர மறுக்கிறது. செவிலியர் பெயர்க் கட்டத்தில் நான்கு எக்ஸ் போட்டு, பிறந்த தேதியில் 01-01-1900 என்று அடித்து உள்ளே போகிறார். மறுநாள் இரவு பெயர் தெரியாத இன்னொருவர் வருகிறார். அவருக்கும் அதே நான்கு எக்ஸ், அதே தேதி. இப்போது இரண்டு நோயாளிகள் ஒரே ஆளாகப் பதிவாகியிருக்கிறார்கள்.

இதில் யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. அந்த வரியைப் பகல் நேரத்தில், மேசையில் உட்கார்ந்து, படித்துப் பார்த்தவர்களிடம் மட்டும் கேட்டோம். அந்த இரவைப் பார்த்த செவிலியரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் 90 பக்க ஆவணத்தின் 41ஆம் பக்கத்தில் அந்த வரி அவர் கண்ணில் பட்டிருக்காது.

பயனருக்கு என்ன வேண்டும் என்று கேட்டறிந்து எழுதிவைக்கும் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்டுக்கு, அந்தத் தேவைகளைப் பயனரிடமே சரிபார்க்கப் பல வழிகள் உண்டு. ஆவணத்தைப் படிக்கக் கொடுக்கலாம். எல்லோரையும் ஓர் அறையில் கூட்டலாம். மாதிரித் திரைகளைக் காட்டலாம். நடந்த நிகழ்வுகளை எடுத்துவைத்து “இதற்கு என்ன செய்வீர்கள்?” என்று கேட்கலாம். சிறிய அளவில் ஓடவிட்டும் பார்க்கலாம். எல்லாவற்றையும் முழுமையாகச் செய்யப் பயனர்களுக்கு நேரம் இருக்காது. அவர்களுக்கென்று தனி வேலை இருக்கிறது. ஆகவே எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உண்மையான கேள்வி. ஒரு வழியை எடைபோட என்னிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு: பயனர் “இல்லை, இங்கே அப்படி நடக்காது” என்று சொல்வதை அந்த வழி எவ்வளவு சுலபமாக்குகிறது? அந்த வாய்ப்பே இல்லாமல் வாங்கிய ‘சரி’யை நம்பி ஒரு வரி நிரல்கூட எழுதக்கூடாது என்பது என் கட்சி.

ஒரு சொல் விளக்கம் மட்டும் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் பொறியியலில் பாரி போம் என்ற அமெரிக்க அறிஞர் பரவலாக்கிய ஒரு பிரிப்பு உண்டு. எழுதிவைத்தபடி சரியாகக் கட்டுகிறோமா என்பது வெரிஃபிகேஷன். கட்டவேண்டிய பொருளைத்தான் கட்டுகிறோமா என்பது வேலிடேஷன். முதலாவதை நிரலாளரும் சோதனையாளரும் தங்களுக்குள்ளேயே பெருமளவு செய்துவிடலாம். இரண்டாவதைப் பயனர் இல்லாமல் செய்யவே முடியாது. மேலே சொன்ன ஆய்வக மென்பொருள் எழுதியபடியே துல்லியமாக வேலை செய்தது. வெரிஃபிகேஷனில் அது முழு மதிப்பெண் வாங்கியிருக்கும்.

ஆவணமும் கையெழுத்தும்

இது பழைய வழி, இன்றும் அதிகம் நடப்பது. இதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். ஒப்பந்தம், தணிக்கை, சட்டக் கட்டுப்பாடு உள்ள துறைகளில் எழுத்தில் இருந்தே ஆகவேண்டும். முரண்பாடுகளும் எழுத்தில்தான் பளிச்சென்று தெரியும். 12ஆம் பக்கத்தில் ‘அவசர மாதிரி’ என்றும் 30ஆம் பக்கத்தில் ‘முன்னுரிமை மாதிரி’ என்றும் இருந்தால், இரண்டும் ஒன்றா வேறா என்ற கேள்வி தானாக எழும். பேச்சில் அது காற்றோடு போய்விடும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஆவணத்தை மின்னஞ்சலில் அனுப்பி “வெள்ளிக்கிழமைக்குள் கருத்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வோம்” என்று எழுதும்போது. மௌனத்தைச் சம்மதமாக எண்ணும் வழக்கம் இது. 1976இல் ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன் வடிவமைப்பையும் நிரலையும் ஆய்வு செய்யும் முறையை வகுத்து வெளியிட்டார். பிறகு தேவை ஆவணங்களுக்கும் அதையே பயன்படுத்தத் தொடங்கினார்கள். அதில் ஒவ்வொருவரும் கூட்டத்துக்கு முன்பே தனியாகப் படித்துத் தயாராவது ஒரு கட்டாயப் படி. நடைமுறையில் முதலில் கைவிடப்படுவது அந்தப் படிதான்.

1990களில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் விக்டர் பேசிலியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்த ஒரு யோசனை இங்கே மிகவும் கைகொடுக்கும். எல்லோரும் எல்லாவற்றையும் பொதுவாகப் படிக்காமல், ஆளுக்கொரு கோணத்தில் படிப்பது. சோதனையாளர் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனை எழுதிக்கொண்டே படிப்பார். வடிவமைப்பாளர் அதை எப்படிக் கட்டுவது என்று வரைந்துகொண்டே படிப்பார். பயனர் தன் வேலையை அதில் செய்துபார்ப்பதுபோலப் படிப்பார். கையில் ஒரு வேலையோடு படிக்கிறவர் வரிகளைத் தாண்டிப் போக முடியாது.

அதனால் ஆவணம் கொடுத்தே தீரவேண்டும் என்றால் 90 பக்கத்தையும் கொடுக்காதீர்கள். இரவுப் பணிச் செவிலியருக்கு அவர் வேலையைத் தொடும் 4 பக்கங்களைக் கொடுங்கள். கூடவே ஒரு கேள்வி: “போன மாதம் உங்களுக்கு மிகவும் சிரமம் தந்த இரவை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த 4 பக்கத்தை வைத்து அந்த இரவைச் சமாளிக்க முடியுமா?” இந்தக் கேள்விக்கு வெறும் ‘சரி’ என்று பதில் வராது.

எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசுவது

1970களின் கடைசியில் ஐபிஎம்மில் உருவான ஜேஏடி (கூட்டாக உட்கார்ந்து செயலியை வடிவமைத்தல்) முறை, பயனர்களையும் மென்பொருள்காரர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துத் தேவைகளை முடிவுசெய்தது. துறைகளுக்கிடையே இழுபறி இருக்கும் இடத்தில் இதற்கு ஈடான வழி இல்லை. மாதிரிக் குழாயில் வார்டிலேயே சீட்டு ஒட்டவேண்டுமா, ஆய்வகத்துக்கு வந்தபிறகா? வார்டு ஒன்று சொல்லும், ஆய்வகம் வேறொன்று சொல்லும். அனலிஸ்ட் இருவரிடமும் தனித்தனியாகப் போய்க் கேட்டு நடுவில் தூது போனால் மூன்று வாரம் ஓடிவிடும். ஒரே மேசையில் 20 நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆனால் அந்த அறைக்குள் பதவியும் கூடவே வந்து உட்காரும். துறைத் தலைவர் “எங்களிடம் எப்போதும் இப்படித்தான் செய்கிறோம்” என்று சொன்னபிறகு, நடைமுறையில் அப்படிச் செய்யாத உதவியாளர் வாயைத் திறக்க மாட்டார். கூட்டம் முடிந்து நடைவழியில் வரும்போது என் பக்கத்தில் வந்து மெல்லிய குரலில், “சார், அங்கே சொன்னது விதி. நாங்கள் செய்வது வேறு” என்று சொன்னவர்கள் உண்டு. அந்த நடைவழிப் பேச்சுகளில் கிடைத்தவை கூட்டக் குறிப்புகளைவிடப் பயன்பட்டிருக்கின்றன. ஆகவே கூட்டத்துக்கு முன்பே வேலை செய்பவர்களிடம் தனியாகப் பேசி, அவர்கள் சொன்னதை யார் சொன்னார் என்று குறிப்பிடாமல் கேள்விகளாக மாற்றி மேசையில் வையுங்கள். கூட்டம் துறைகளுக்கு நடுவே தீர்ப்பு வாங்கும் இடமாக இருக்கட்டும். உண்மையைக் கண்டுபிடிக்கும் வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

மாதிரித் திரைகள்

புரோட்டோடைப் காட்டினால் எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிடும். எழுத்தில் புரியாதது படத்தில் புரியும். “இந்தக் கட்டத்தை நிரப்பும்போது என் இரண்டு கையிலும் கையுறை இருக்கும்” என்று ஓர் ஆய்வக உதவியாளர் சொல்வார். எந்த ஆவணத்தைப் படித்தும் அவருக்கு அது தோன்றியிருக்காது. வேலையின் வரிசை, திரையில் தேவையான தகவல், தேவையில்லாத தகவல், கை எட்டும் தூரம் எல்லாவற்றுக்கும் இதுதான் சிறந்த வழி.

காகிதத்தில் பென்சிலால் வரைந்த திரையா, நிஜம்போலவே தோன்றும் திரையா? தேவைகளைச் சரிபார்க்கும் கட்டத்தில் நான் காகிதத்தின் பக்கம். பளபளப்பான திரையைப் பார்த்தால் மக்கள் பொத்தானின் நிறத்தைப் பற்றிப் பேசுவார்கள், எழுத்து சின்னதாக இருக்கிறது என்பார்கள். பாதி வேலை முடிந்துவிட்டது என்று மேலாளர் நினைத்துக்கொள்வார், அந்த எண்ணத்தை அப்புறம் மாற்றுவது பெரும்பாடு. பென்சில் கோடு என்றால் அழிக்கலாம் என்று பார்த்தவுடனே தெரிகிறது. பயனரே பென்சிலை வாங்கி ஒரு கட்டத்தை அடித்துவிட்டால், அந்த அமர்வு வெற்றி.

இதுவரை இல்லாத ஒன்றைக் கட்டும்போது, பின்னால் ஆள் வைத்து நடிக்கும் முறை ஒன்று உண்டு. 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் ஜான் கூல்டும் உடன்பணியாளர்களும், பேசினால் தானே தட்டச்சு செய்யும் கணினி எப்படி இருக்கும் என்று சோதித்தார்கள். அப்போது அந்தத் தொழில்நுட்பம் கைக்கு வரவில்லை. இன்னோர் அறையில் ஒரு தட்டச்சாளர் கேட்டதை அடிக்க, பேசியவரின் திரையில் சொற்கள் தோன்றின. கருவியைக் கட்டும் முன்பே அது மக்களுக்குப் பயன்படுமா என்று பார்க்க முடிந்தது. இன்று தானாகப் பதில் சொல்லும் செயலி ஒன்றைத் திட்டமிடுகிறவர்கள் நிரல் எழுதும் முன் ஒரு வாரம் இப்படிச் செய்துபார்க்கலாம். பயனர்கள் உண்மையில் என்னென்ன கேட்பார்கள் என்ற பட்டியல் கையில் கிடைத்துவிடும்.

மாதிரித் திரைகளின் பலவீனம் பலருக்குத் தெரிவதில்லை. அவை விதிகளை மறைத்துவிடும். டெமோவில் நாம் போட்டுவைத்த நோயாளிக்குப் பெயர் இருக்கும், பிறந்த தேதி இருக்கும், மாதிரி போதுமான அளவு இருக்கும். எல்லாம் சுத்தமாக ஓடும். பெயர் இல்லாதவர் அந்தத் திரைகளில் வரவே மாட்டார். அதிலும் மவுஸ் அனலிஸ்ட் கையில் இருந்தால் பயனர் வெறும் பார்வையாளர்தான். அவர் தலையாட்டுவார். மவுஸை அவரிடம் கொடுத்துவிட்டு, “பதிவு செய்யுங்கள்” என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொள்வது பழகவேண்டிய ஒழுக்கம். எனக்கு அது வர வெகுகாலம் பிடித்தது.

“5 பேரிடம் காட்டினால் போதும்” என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியதிலிருந்து பரவிய எண் அது. ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களைக் காட்டிக்கொடுப்பார், 5 பேர் சேர்ந்தால் சுமார் 85 சதவீதம் என்பது கணக்கு. திரையைப் பயன்படுத்துவதில் வரும் சிக்கல்களுக்கான கணக்கு இது. அதுவும் ஒரே வகைப் பயனர்களுக்கு. செவிலியர், ஆய்வக உதவியாளர், மருத்துவர் என்று மூன்று வகை இருந்தால் ஒவ்வொரு வகையிலும் சிலரைத் தனியாகப் பார்க்கவேண்டும். விடுபட்ட விதிகளைக் கண்டுபிடிக்க இந்த எண்ணை நம்பக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் நிகழ்வை ஒருவர் மட்டுமே பார்த்திருக்கலாம், அவர் உங்கள் 5 பேரில் இல்லாமல் போகலாம்.

நடந்ததை எடுத்துவைத்துக் கேட்பது

என் முதல் தேர்வு எப்போதும் இதுதான். விதியைச் சொல்லி ஒப்புதல் கேட்பதற்குப் பதிலாக, ஒரு நிகழ்வைச் சொல்லி விடையைக் கேட்பது. “பெயர் கட்டாயம், சரிதானே?” என்று கேட்டால் தலை ஆடும். “இரவு 2 மணி. நினைவில்லாத ஆள். கூட யாரும் இல்லை. மாதிரி எடுத்துவிட்டீர்கள். அடுத்து என்ன எழுதுவீர்கள்?” என்று கேட்டால் தலையாட்ட முடியாது, பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலில் தேவை இருக்கிறது.

நிகழ்வுகளை அனலிஸ்ட் கற்பனை செய்யக்கூடாது. போன வாரத்துப் பதிவேட்டை வாங்குங்கள், ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு. அதில் அடித்துத் திருத்திய வரிகள், ஓரத்தில் எழுதிய குறிப்புகள், ‘பார்க்க’ என்று வட்டம் போட்டவை எல்லாம் தங்கம். சுத்தமான வரிகளை ஒதுக்கிவிட்டு இவற்றில் ஒரு 15 வரியைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் புதிய மென்பொருள் என்ன செய்யவேண்டும் என்று பயனரைச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் விடையை முதலில் சொல்லிவிடாதீர்கள்.

இரண்டு பேரிடம் தனித்தனியாக இதே 15ஐக் கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டில் ஒரே விடை வரும். மூன்றில் வேறு வேறாக வரும். அந்த மூன்றுதான் கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டியவை. எல்லோருடைய நேரத்தையும் எதில் செலவிடவேண்டும் என்று பயனர்களே காட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

நிபந்தனைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது ஒரு முடிவு அட்டவணை போட்டுவிடலாம். பெயர் தெரியுமா, அவசரமா, மாதிரி போதுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆம் அல்லது இல்லை என்றால், மொத்தம் 8 சேர்க்கைகள். பேசும்போது பெரும்பாலும் மூன்றோ நான்கோ மட்டுமே வாயில் வரும். அட்டவணையில் எட்டும் கண்முன் நிற்கும். “பெயர் தெரியாது, அவசரம், மாதிரி போதாது” என்ற கட்டம் காலியாக இருப்பதை ஒரு மருத்துவர் பார்த்தால் அதை நிரப்பாமல் எழுந்து போக மாட்டார்.

மென்பொருள் வல்லுநர் டான் நார்த் 2000களில் முன்வைத்த பிடிடி (மென்பொருள் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்பதிலிருந்து தொடங்கி அதை உருவாக்குவது) முறையும் இதே வேரிலிருந்து வந்ததுதான். இன்ன நிலை இருக்கும்போது, இன்னது நடந்தால், இன்ன விளைவு வரவேண்டும் என்று மூன்று பகுதியாக எழுதுவார்கள். அதைப் பயனரும் படிக்கலாம், சோதனை மென்பொருளும் ஓட்டலாம். பயனர் சொன்ன விடை அப்படியே பின்னால் சோதனையாக மாறிவிடுவதால் செலவிட்ட நேரம் இரண்டு முறை பலன் தருகிறது. ஒரு எச்சரிக்கை: இந்த வடிவத்தில் எழுதியதாலேயே பயனர் சரிபார்த்ததாக ஆகிவிடாது. அனலிஸ்ட் தனியாக உட்கார்ந்து 200 எழுதி, பயனருக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கினால், அது பழைய 90 பக்க ஆவணமேதான்.

இந்த வழியால் முடியாததும் உண்டு. திரை வசதியாக இருக்கிறதா என்று சொல்லாது. வேகம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்பதைப் பற்றிப் பேசாது. இதுவரை நடக்காத வேலைக்கு எடுத்துவைக்கப் பதிவேடு இருக்காது, அங்கே மாதிரித் திரைக்குத்தான் போகவேண்டும்.

ஓடவிட்டுப் பார்ப்பது

யூஏடி என்கிற பயனர் ஏற்புச் சோதனையைத் தேவைச் சரிபார்ப்பாக எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் நிரல் முடிந்துவிட்டது, பணம் செலவாகிவிட்டது, தேதி அறிவித்தாயிற்று. “இது எங்கள் வேலைக்குப் பொருந்தாது” என்று பயனர் சொன்னால் கேட்க யாரும் தயாராக இருப்பதில்லை. இல்லை என்று சொல்வது மிகக் கடினமாக இருக்கும் நேரம் அது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறு பகுதியை முடித்துக் காட்டும் அஜைல் குழுக்களில் இந்த வலி குறைவு, ஏனென்றால் திருத்த வேண்டியது இரண்டு வார வேலை மட்டுமே. ஆனாலும் அந்த டெமோவில் உட்காருவது, எதை முதலில் கட்டுவது என்று குழுவுக்கு முடிவுசெய்து சொல்லும் தயாரிப்பு உரிமையாளர் மட்டும்தான் என்றால், வேலை செய்கிற பயனர் இன்னமும் அறைக்கு வெளியேதான் இருக்கிறார்.

ஒரே ஒரு வார்டில், பழைய பதிவேட்டையும் கூடவே வைத்துக்கொண்டு, சில நாட்கள் ஓடவிடும் பைலட் வேறு விஷயம். உயிரோடு தொடர்புள்ள இடங்களில் அதைத் தவிர்க்கவே கூடாது. 1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவையில், எந்த வண்டியை எங்கே அனுப்புவது என்று முடிவுசெய்யும் கணினி அமைப்பு நகரம் முழுவதற்கும் ஒரேயடியாக நடைமுறைக்கு வந்தது. வண்டி எங்கே இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்ற தகவல் ஏறக்குறையப் பிழையில்லாமல் வந்துகொண்டே இருக்கும் என்ற எண்ணத்தில் அது கட்டப்பட்டிருந்தது. தெருவில் அப்படி நடக்கவில்லை. நிலையைத் தெரிவிக்கும் பொத்தான்கள் சரியான நேரத்தில் அழுத்தப்படவில்லை. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின, எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்தன, அழைத்தவர்கள் காத்திருந்தார்கள். வண்டியில் போகும் பணியாளர்களும் கட்டுப்பாட்டு அறை ஊழியர்களும் அதைத் தங்களுடைய அமைப்பாக ஏற்கும் அளவுக்கு ஈடுபடுத்தப்படவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தவற்றில் ஒன்று. அவசரத்தில் ஓடும் ஒருவர் ஒவ்வொரு முறையும் பொத்தானை வரிசையாக அழுத்துவாரா என்பது அவர்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

10 மணி நேரம் கிடைத்தால்

பயனர்களிடமிருந்து மொத்தம் 10 மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் நான் எப்படிப் பிரிப்பேன் என்று சொல்கிறேன். பழைய முறைக்குப் பதிலாகப் புதியது வரும் இடமென்றால், 5 மணி நேரம் நடந்த நிகழ்வுகளுக்கு. வேலை செய்யும் இடத்திலேயே, அவர்கள் நாற்காலிக்குப் பக்கத்தில், ஒரு நேரத்துக்கு ஒருவராக. அதில் ஒருவராவது இரவுப் பணியில் இருப்பவர். பிறகு 3 மணி நேரம் காகிதத் திரைகளுக்கு. ஏற்கெனவே பேசிய அதே நிகழ்வுகளை அந்தத் திரைகளில் ஓட்டுவேன், பெயர் இல்லாதவர் உட்பட. ஒன்றரை மணி நேரம் துறைகள் கூடும் கூட்டம், விடை மாறிய நிகழ்வுகளுக்கு மட்டும். கடைசி அரை மணி நேரம் கையெழுத்துக்கு.

இதுவரை இல்லாத புதிய சேவை என்றால் முதல் இரண்டையும் இடம் மாற்றிவிடுவேன். சட்ட விதிகள் நிறைந்த துறை என்றால் ஆவண வாசிப்புக்குக் கூடுதல் நேரம் தேவைப்படும், அதையும் ஆளுக்கொரு கோணமாகப் பிரித்துத்தான். பயனர்கள் பொதுமக்கள், யாரையும் முன்கூட்டியே அறையில் கூட்ட முடியாது என்றால், உதவி மையத்தில் தொலைபேசி எடுப்பவர்களிடம் முதலில் போங்கள். மக்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் குறைசொல்ல அழைத்தவர்களை மட்டுமே அறிந்தவர்கள், பேசாமல் விட்டுப்போனவர்களை அறியாதவர்கள். அதற்கு நேரடியாகச் சிலரைத் தேடித்தான் ஆகவேண்டும்.

அந்தக் கடைசி அரை மணி நேரத்தில் ‘ஒப்புதல் அளிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரிக்குக் கீழே கையெழுத்து வாங்காமல், ஒரு பட்டியலுக்குக் கீழே வாங்குங்கள். எந்த நிகழ்வு, யார் விடை சொன்னார், என்ன முடிவு, எது இன்னும் திறந்திருக்கிறது. ஆய்வகப் பட்டியலில் 7ஆவது வரி இப்படி இருக்கும்: பெயர் தெரியாத நோயாளி. சொன்னவர், இரவுப் பணிச் செவிலியர். முடிவு, மென்பொருளே ஆளுக்கொரு தனித் தற்காலிக எண் தரவேண்டும், பெயர் தெரிந்தபிறகு அந்த எண்ணோடு இணைக்க வேண்டும். திறந்திருப்பது, இணைக்கும் அதிகாரம் யாருக்கு. ஆய்வகத் தலைவர் திங்கட்கிழமை சொல்வார்.